அவருக்குப் பதிலாக ஊசி

திருத்தணியில் ஆர்.கே.பேட்டை பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த பெரியவளிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு ஊசிய இந்த மாசமும் நானே போட்டுகினு வந்துட்டேன்க்கா."

"உனுக்கு இன்னா நோவு?"

"எனுக்கு ஒண்ணுமில்ல. அவருதான் ரெண்டு வருசமா தூங்கி எழுந்தாலும் அசந்தே கெடக்கறாரு. டாக்டராண்ட வரக்கூட முடியல. வேண்டிகினு அவருக்காக மலைப்படி நான்தானே ஏறுனேன்? சாமி ஒத்துக்கும்போது ஊசி ஒத்துக்காதான்னு, அவரு நோவ என் நோவா சொல்லிக் கைய நீட்டிட்டேன்."

"தெம்பு வந்துச்சா?"

"எனுக்கு வந்துச்சுக்கா. அவரு தறியையும் சேத்து நெய்யறேன். அதப் பாத்து அவரு இன்னும் அசந்து போறாரு."

பெரியவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்த டாக்டரு எங்க கீறாரு? எங்க வீட்டுக்காரருக்குக் களைப்புன்னு சொல்லி நானும் ஒண்ணு போட்டுக்கறேன்."