விளையாட்டுப் பெட்டியில் கல்யாணப் படம்

“…பென்குயின் தம்பி, பென்குயின்! டிவியப் போட்டா கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மூலையில ஒரு பென்குயின் குந்திக்கிட்டு என்னையே மொறைக்குது. குடிங்க, குடிங்க. பார்லி மக்சிம், வயித்துக்கு நல்லது. அவசரமா? பஸ்ஸு எங்க போயிடப்போகுது!”

பிஷ்கெக்கில் ஓஷ் பஜார் நிறுத்தத்து ஓரம், குடைக்கடியில் பீப்பாய் வைத்து மக்சிம் விற்கிறாள் புர்மாகான். கோப்பையை நீட்டும்போதே பேச்சையும் சேர்த்து ஊற்றிவிடுவாள். இன்றைக்கு மாட்டியவர் ஒரு பழுப்புக் கோட்டுக்காரர். தோளில் பை.

“மருமகனோட கேம் பொட்டி அது. மாஸ்கோவுக்குப் போறப்ப ‘அத்தே, பத்திரமா வைங்க’ன்னு குடுத்துட்டுப் போனான். எங்க வீட்டு மனுசன் சும்மா இருப்பாரா? டிராலி பஸ்ஸுக்கு ஒயரு மாட்டின கை! விளையாட மட்டும் எதுக்கு இவ்ளோ பெரிய பொட்டின்னு வேற ஏதோ லினக்ஸாம், அத உள்ள ஏத்திட்டாரு. அதோட சின்னந்தான் அந்தப் பென்குயின். பக்கத்துல டிஸ்க் எழுதுற மிஷினு ஒண்ணு. இப்ப அது கேம் பொட்டி இல்ல, படம் நகலெடுக்கிற பொட்டி! அட, பையக் கீழ வைங்க தம்பி, ஏன் தூக்கிக்கிட்டே நிக்கிறீங்க… என்ன? இருங்க, சொல்லி முடிச்சிடறேன்.

“அப்புறமென்ன, தெருவே எங்க வீட்டுல. விருந்துக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பற வழக்கம் நமக்கு உண்டா? இறைச்சி கட்டிக் குடுக்கிறோம், ரொட்டி கட்டிக் குடுக்கிறோம். இப்ப படம் பாத்தா, ‘எனக்கொரு பங்கு’ங்கறாளுங்க! இந்தியப் படம்னா துண்டோட வந்து உக்காருவாளுங்க, அழுவறதுக்கு. அப்புறம் அந்தப் படமும் வேணும். இந்த மனுசனும் தன் பேரச் சொல்லி சதார்குல் சதார்குல்னு கூப்பிட்டா போதும், வெண்ணெயா உருகிடுவாரு. போர்சோக் ரொட்டி பொரிச்சு பையில போட்டுக் கட்டறது மட்டுந்தான் என் வேல. என் முடிச்ச எவனும் அவுக்க முடியாது, அது வேற விஷயம். படத்துப் பக்கம் நான் போறதே இல்ல!”

பழுப்புக் கோட்டுக்காரர் பையின் ஜிப்பில் கை வைத்தார். புர்மாகான் அவர் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

“இது என் கணக்கு. கேளுங்க. இன்னிக்கு சாயங்காலம் நாரின்லேர்ந்து சம்பந்தியம்மா வர்றாங்க. எதுக்கு? கல்யாணப் படம் பாக்க. எம்பொண்ணு அய்சிரேக் கல்யாணம்! அவங்களுக்கு ஒரு நகல் எடுத்துத் தர்றேன்னு வாக்குக் குடுத்தாச்சு. ஊருக்கெல்லாம் எடுத்தவருக்கு, சொந்தப் பொண்ணு படத்துக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு. பொட்டிக்குள்ள இடம் கம்மியாம், ஒண்ண எழுதினதும் அழிச்சிடறாரு. இருந்தது ஒரே ஒரு டிஸ்க். அதையும் காணோம்! படம் புடிச்சவனும் ரஷ்யாவுக்குப் போயிட்டான். எங்கன்னு கேட்டா, ‘மேசை மேலதான் வெச்சேன்’ங்கறாரு. மேசை மேல! எல்லாம் வெள்ளை டிஸ்க்கு, பேரு கிடையாது, ஊரு கிடையாது. எவளுக்குத் தூக்கிக் குடுத்தாரோ!

“சம்பந்தியம்மா லேசுப்பட்டவங்க இல்ல. பொண்ண அனுப்பறப்ப நான் அழுதேனே, அத அன்னிக்கு அவங்க சரியாப் பாக்கல. ‘பொண்ணு போறா, அம்மாக்காரி கண்ணுல ஒரு சொட்டு இல்ல’ன்னு நாரின் பூரா பேச்சு. படத்துல இருக்கு தம்பி! குலுங்கிக் குலுங்கி அழுவறேன்! இன்னிக்குக் காட்டலாம்னு இருந்தேன்…”

குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் பீப்பாய் மூடியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தாள். அந்த இடைவெளியில் அவர் பையைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த பாலிதீன் உறை ஒன்றை மூடிமேல் வைத்தார். உள்ளே வெள்ளை டிஸ்க். உறையின் பக்கவாட்டைத்தான் கிழித்திருந்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது.

புர்மாகான் முடிச்சைப் பார்த்தாள். நிறுத்தத்தில் இரண்டு பஸ் வந்து போயின.

“யாரு வீடு நீங்க? …உல்கான் வீட்டுக்காரரா! அன்னிக்கு எங்க வீட்டு மனுசன் தொழுகைக்குப் போயிருந்தாரு. இந்தியப் படத்தக் குடுன்னு உல்கான் அவசரப்படுத்தினா. மேசை மேல கிடந்ததுல ஒண்ண எடுத்து, போர்சோக்கோட போட்டு… பாருங்க தம்பி, அவரு கேட்டா பஸ்ஸுல கிடந்துச்சுன்னு சொல்லிடுங்க, என்ன?

“உல்கான் இந்தியப் படம்னு துண்டோட உக்காந்திருப்பாளே! …முழுசாப் பாத்தாளா? நான் அழுவற இடம் வந்துச்சா? …அவளுமா? துண்டு நனையற அளவுக்கா?” அவள் முகமெல்லாம் சிரிப்பு. “போதும், இன்னிக்கு ராத்திரி அவளையும் கூட்டிட்டு வாங்க. சம்பந்தியம்மா பக்கத்துலயே உக்கார வைக்கிறேன், துண்டோட. அவ கேட்ட இந்தியப் படத்தையும் எடுத்து, போர்சோக்கோட கட்டித் தர்றேன்…

“என்ன? படத்தையும் போர்சோக்கையும் தனித்தனியாக் கட்டணுமா? பாருங்கய்யா, இவ்ளோ நேரம் வாயே தொறக்காத மனுசன்! தொறந்தா கிண்டலு!”