நான் வாசிக்காத எச்சரிக்கை

பகல் ஒன்று நாற்பது. வசந்தி படிக்கட்டில் இறங்கி ஓடுகிறாள். பெய்ரூட்டில் அப்போது பதினொன்று பத்து. நான் இங்கே ஊரில், குருநகரில், என் சமையலறையில் நிற்கிறேன். கைபேசி காதில். அவளுடைய மூச்சு கேட்கிறது. செருப்புச் சத்தம் கேட்கிறது. அதற்கும் மேலே ட்ரோனின் இரைச்சல். விடாமல்.

"இறங்கு! நிக்காதை! ஓடு!" என்று கத்துகிறேன்.

பிறகு குண்டு இறங்கும் இரைச்சல். அது எனக்குத் தெரியும். சின்ன வயதில், இங்கே போர் நடந்தபோது, பங்கர்க் குழிக்குள் இருந்து கேட்டது. ஒரு அடி. அதன்பின் ஒன்றுமில்லை.

வசந்தி கரவெட்டிக்காரி. வயது முப்பத்தொன்று. மகளுக்கு ஒன்பது. நகரத்தின் தெற்குப் புறத்தில், ஆறாம் மாடி வீடொன்றில் வேலை. குண்டு விழத் தொடங்கியதும் வீட்டுக்காரர் மலைப்பக்கம் போய்விட்டார்கள். அவளைக் கூட்டிப்போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள் என்றார்கள்.

நானும் அங்கே ஒன்பது வருடம் வீட்டுவேலை செய்தவள். அந்த வீட்டில் விடிந்ததும் தொலைக்காட்சி தொடங்கும். செய்தி, நாடகம், மறுபடி செய்தி. இஸ்திரி போட்டபடி கேட்டுக் கேட்டே அரபு பிடித்தேன். போன புதிதில் கூடத்தில் ஒரே திரை. செய்தி வாசிப்பவர் சொன்னதுதான் உண்மை. நான் திரும்பும்போது ஆளுக்கொரு கைபேசி. மேடம் சேனலை நம்பினாள். மகன் கைபேசியில் வந்த வீடியோவை நம்பினான். ஒரு குண்டுக்கு இரண்டு கதை. சாப்பாட்டு மேசையில் தட்டுப் பறந்தது.

ஊருக்கு வந்தபின்னும் பழைய கைபேசி ஒன்றில் அந்தச் சேனல் நாள் முழுக்க ஓடியது. அங்கே போர் மூண்டபோது, எங்கள் பெண்களுக்காகக் கைபேசியில் ஒரு குழு தொடங்கினேன். அரபுச் செய்தியைத் தமிழில் பேசிப் போட்டேன். நல்லதை நினைத்துத்தான் தொடங்கினேன். பிறகு அது எனக்கு ருசித்துவிட்டது. வல்வெட்டித்துறையிலிருந்தும் அந்தப் பெண்களின் தாய்மார் எனக்கு அழைப்பு எடுத்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் என்னைச் சுற்றி நின்றார்கள். "றெஜினா அக்கா சொன்னால் சரி" என்றார்கள்.

ஒன்றை நான் யாருக்கும் சொல்லவில்லை. அரபு கேட்டால் எனக்கு விளங்கும். வாசிக்கத் தெரியாது.

தொலைக்காட்சிக் காலத்தில் அது போதும். யாராவது வாய் திறந்து சொல்வார்கள். இப்போது குண்டு போடுபவர்கள் விடும் எச்சரிக்கை முதலில் கைபேசிக்குத்தான் வருகிறது. வானத்திலிருந்து எடுத்த படம். அடிக்கப்போகும் கட்டடம் சிவப்பு. பக்கத்தில் அரபு எழுத்து. சில நிமிடத்தில் ஊரெல்லாம் கைமாறும்.

அன்று வியாழக்கிழமை. ஒன்று பன்னிரண்டுக்கு வசந்தி அந்தப் படத்தை அனுப்பினாள். உடனேயே எடுத்தாள்.

"அக்கா, உது எங்கடை தெருவோ? வாசிச்சுச் சொல்லுங்கோ. கீழை சனம் ஓடுது."

பார்த்தேன். எழுத்து பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சனத்தோடு நீயும் ஓடு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. சேனலைப் பார்த்தேன். செய்தி வாசிப்பவள் வேறோர் இடத்தின் பெயரைச் சொன்னாள். அது காலையில் வந்த எச்சரிக்கை என்பது எனக்குத் தெரியாது.

"உது உன்ரை தெரு இல்லை. வெளியிலை போகாதை. உள்ளுக்கை இரு."

"ஓம் அக்கா. அப்ப நான் இருக்கிறன்."

இருபத்தாறு நிமிடம் போனது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்று முப்பத்தெட்டுக்குச் செய்தி வாசிப்பவள் வசந்தியின் தெருவைச் சொன்னாள். கையைத் துடைக்காமலே அவளுக்கு எடுத்தேன்.

நாலாம் நாள் வசந்தியின் தாய் எடுத்தா. "பிள்ளை, என்ரை பிள்ளையைக் காப்பாத்த நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்று அழுதா. ஒரு மாதம் அந்த நன்றியோடு சாப்பிட்டேன், படுத்தேன், பூசைக்குப் போனேன். பிறகு கரவெட்டிக்குப் பஸ் ஏறினேன். தேத்தண்ணி தந்தா. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "அம்மா, எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. நான்தான் அவளை இருக்கச் சொன்னனான்."

அவ கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

குழுவை அன்றே மூடினேன். ஏன் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டடத்தில் எட்டு மாடி. எல்லா மாடியிலும் ஆட்கள் இருந்தார்கள். படம் வந்தது, வாசித்தார்கள், இறங்கினார்கள். இறந்தவர் மூவர். இரண்டாம் மாடியில், படுக்கையை விட்டு எழும்ப முடியாத ஒரு கிழவர். அவரை விட்டுப் போக மாட்டேன் என்ற மனைவி. படிக்கட்டில், ஓடக்கூடிய கால்களோடு, வசந்தி.