தமிழ்மதிக்கு எழுதிக் கொடுத்த கட்டம்

“ஏனுங்க, கட்டம் போட்டிருக்கீங்க. யாரு ஜாதகம்?”

“ஜாதகத்துக்குப் பன்னெண்டு கட்டம்தான். எண்ணிப் பாரு, இதுல எம்பத்தொண்ணு இருக்கு.”

“அப்ப இதுக்குத் தலையெழுத்து ஜாஸ்திதான்.”

எங்கள் வீட்டுக்குச் சுடோகு வந்த அன்று நானும் என் மனைவி தமிழ்மதியும் பேசிக்கொண்டது இது. 2006ஆம் வருடம். திண்டுக்கல்லில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் நான் கிளார்க். அங்கே வரும் ஆங்கிலப் பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கட்டத்தை ஒரு தாளில் பார்த்து எழுதி, அவளுக்குக் கொண்டுவருவேன். அவள் பாலசமுத்திரத்துப் பெண், கணிதப் பட்டதாரி. நான் பன்னிரண்டாவது. அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு வரிசையில் ஒருமுறைதான் வரவேண்டும். முதலில் வரிசையில் விடுபட்ட எண்ணைத் தேடுவாள். பிறகு, வரக்கூடிய எண்களைக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகக் குறித்து, வராதவற்றை அடித்துக்கொண்டே போகப் பழகினாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இங்க பாருங்க. இந்த வரிசையில அஞ்சு ரெண்டே எடத்துலதான் வரும். கீழ அந்த வரிசையிலயும் அதே நேருக்கு ரெண்டே எடம். நாலும் கட்டில் கால் மாதிரி நிக்குது. அப்ப மேலயிருந்து கீழ வர்ற இந்த ரெண்டு கோட்டுலயும் மத்த அஞ்சையெல்லாம் அடிச்சிரலாமுங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நானாத்தான் கண்டுபிடிச்சேன். படிச்சதெல்லாம் கொழம்போட சேந்து வெந்துபோச்சுன்னு நெனச்சேன். போகலீங்க.”

அந்த வாரம் வங்கித் தேர்வு விளம்பரம் வந்த தாளை மடித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. நான் அப்படிப்பட்ட கணவன் இல்லை. ஆனால் வங்கி வேலை என்றால் வெளியூர். அவளுக்கு வயது வரம்பு அந்தக் கோடையோடு முடிகிறது. அதுவரை கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதினேன்.

அதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். வரிசையிலேயே இடிக்கிற எண் என்றால் உடனே தெரிந்துவிடும். முக்கால்வாசி ஒழுங்காகப் போய்க் கடைசியில் முட்ட வேண்டும். நான் முழுவதும் போட்டுப் பார்த்த பிறகுதான் எந்த எண் என்று முடிவு செய்வேன். வாரத்தில் ஒருநாள் சரியாகவே எழுதிக் கொடுப்பேன். எல்லா நாளும் தோற்றால் கட்டத்தைச் சந்தேகிப்பாள். ஒருநாள் ஜெயித்தால் தன்னைத்தான் சந்தேகிப்பாள்.

சந்தேகித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தருவதை நிறுத்தினாள். அம்மா வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறப் பயந்தாள். நரம்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவளுக்கு என்ன செய்கிறது என்று நான்தான் சொன்னேன். மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்ததும் நான்தான். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று மாமியார் அழுதார்.

கோடை போனது. வயது வரம்பும் போனது. மாத்திரை மந்தத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“இந்த மூலையில நாலு வரோணும், இல்லாட்டி ஒம்பது வரோணும். நாலு போட்டாலும் முட்டுது, ஒம்பது போட்டாலும் முட்டுது.”

“எங்கயாச்சும் தப்புப் பண்ணிருப்ப. மாத்திரை சாப்டியா?”

“சாப்ட்டேன். மறுக்கா மறுக்காப் போட்டுப் பாத்துட்டேங்க. தப்பு எங்கிட்ட இல்ல. நீங்கதான் அவசரத்துல ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டீங்க.” வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். “வேலை அலுப்புல கண்ணு அசந்திருக்கும். பரவால்லீங்க.”

நான் தாளை வாங்கி, அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தேன்.

“அப்ப என் மூளைக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், இத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“ஏனுங்க, நான் பேங்க் பரீட்சை எழுதட்டுங்களா?”