ஷம்சாத் சொன்ன நாலாவது வரி

முதலில் ஒரு வேண்டுகோள், சாகிர் தம்பி. நான் பேசுவதை இந்த விசாரணை அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது எதையும் சுருக்க வேண்டாம். நான் மூன்று வரி சொன்னால் உங்கள் வாயிலிருந்து ஒன்றுதான் வருகிறது. காயல்பட்டினத்துக்காரர், அரபி உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, தெரிகிறது. ஆனாலும் ஒருவர் பேச்சை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது நடுவில் என்னென்ன காணாமல் போகும் என்று என்னைவிட அறிந்தவர் இந்த அறையில் இல்லை.

என் பெயர் ஞானசிங். சாத்தான்குளம் பக்கம். ஆங்கிலத்தில் எம்.ஏ. ருவைஸில் எண்ணெய் டாங்குகளைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகத் தொழிலாளிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். கசடு அள்ளுகிறவனுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஊரில் சிரிப்பார்கள். பாதுகாப்புத் தேர்வு இங்கிலீஷில்தான். அதில் தேறினால்தான் பாஸ். பாஸ் இல்லாவிட்டால் கேட்டுக்கு உள்ளே காலெடுத்து வைக்க முடியாது.

நல்ல நாட்கள் நிறைய இருந்தன. சோலையப்பன் என்று ஒருவர், ஐம்பது வயது, கையெழுத்துகூடத் தடுமாறித்தான் போடுவார். என் வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்தார். ஒருநாள் க்ளினிக்கில் நர்ஸிடம் தன் நெஞ்சுவலியை இங்கிலீஷில் சொல்லிப் பிழைத்துக்கொண்டார். லீவு முடிந்து வரும்போது எனக்கென்று மணப்பாறை முறுக்கு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் பாய். எனக்கு மட்டும் சார். ரோட்டில் பார்த்தால் சிகரெட்டை மறைப்பார்கள். அந்த மரியாதை ஒரு மனுஷனை எப்படி வாழவைக்கும் என்று அதிகாரிக்குப் புரியுமா தெரியவில்லை, அவர் பிறந்ததிலிருந்தே அதிகாரி மாதிரி இருக்கிறார். இதையும் சொல்லுங்கள்.

கெட்ட நாட்களும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் டூட்டி பார்த்தவன் மாலையில் வகுப்புக்கு வந்தால் பெஞ்சிலேயே கண் சொருகிவிடும். அவனை உலுக்கி எழுப்பி இலக்கணமா நடத்த முடியும்? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பைத் தமிழிலேயே நடத்தினேன். தேர்வில் வரும் கேள்விகளுக்கு விடைகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்யவைத்தேன். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு ஆள்கூடத் தோற்கவில்லை. அதை மோசடி என்று எழுதியிருப்பதாகக் கேள்வி. நான் இரக்கம் என்றுதான் சொல்வேன்.

அருள்முருகன் போன வருடம் வந்தான். அறந்தாங்கிப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். கடைசி பெஞ்ச். போனை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவான். ஒருநாள் நான் பின்பக்கம் போனபோது அவன் அதை நிமிர்த்தினான், திரையில் சிவப்புக் கோடு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. என் பாடத்தைப் பதிவு செய்கிறான். நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. ட்ரெய்னிங் மேனேஜர் வெங்கட்ராமன் ஒருமுறை வகுப்புக்கு வந்து இங்கிலீஷில் ஏதோ ஜோக் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை, அருள்முருகன் மட்டும் சிரித்தான். இங்கிலீஷ் தெரியாதவன் எப்படிச் சிரிப்பான்? இன்னொரு நாள் இருவரும் வராந்தாவில் நின்று பேசினார்கள். வெங்கட்ராமன் அவன் தோளில் கை வைத்திருந்தார். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார். "என்ன சார், கிளாஸ் பூரா தமிழ்லயே ஓட்டறேளாமே? காண்ட்ராக்ட் புதுப்பிக்கற நேரம், கொஞ்சம் பாத்துக்கோங்கோ." யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அவன் அன்று மகள் காதுகுத்துக்கு லீவு கேட்டுத்தான் வராந்தாவில் நின்றான் என்றும், கதவுக்கு வெளியே நின்று தானே என் வகுப்பைக் கேட்டதாகவும் வெங்கட்ராமன் இங்கே எழுதிக்கொடுத்திருக்கிறார். எழுதட்டும். அவருக்கு என்ன, டை கட்டியவர்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிச்சயம். அவன் மேனேஜரின் ஆளா, இல்லையா. நான் வாத்தியார் தம்பி. ஒருவனுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி தேர்வு வைப்பதுதான்.

தினமும் காலை ஆறரைக்கு கேட்டுக்கு வெளியே எங்கள் கேபின் முன்னால் கூட்டம் நடக்கும். சேஃப்டி ஆபீசர் ஷம்சாத் அன்றைய வேலையை இங்கிலீஷில் சொல்வார். பெஷாவர்க்காரர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு வரிக்கும் நான் தமிழ் சொல்வேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

அன்று அவர் ஐந்து வரி சொன்னார். தலைக்கவசம், தண்ணீர், வெயிலில் ஓய்வு நேரம், இந்த மூன்றுக்கும் தமிழ் சொன்னேன். நாலாவது வரி இது. மூன்றாம் நம்பர் டாங்கில் நேற்று இரவு நைட்ரஜன் ஏற்றியிருக்கிறோம், அரை மணி நேரத்தில் நான் எச்சரிக்கைப் பலகையோடு வருவேன், அதுவரை ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. காற்று இருப்பது போலவே இருக்கும், இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். முந்தைய நாள் முழுக்க எங்கள் ஆட்கள் வேலை பார்த்தது அதே டாங்கில்தான்.

அந்த வரிக்கு நான் தமிழ் சொல்லவில்லை. ஐந்தாவதுக்குப் போனேன்.

எவ்வளவு எளிய தேர்வு பாருங்கள். இங்கிலீஷ் தெரிந்தவனாக இருந்தால் ஷம்சாத் வாயிலிருந்தே புரிந்திருக்கும். "சார், ஒண்ணு விட்டுட்டீங்களே" என்பான். அவன் வேஷம் கலைந்துவிடும், ஒருவருக்கும் சேதமில்லை. அவனோடு வேலை பார்த்த மற்ற ஏழு பேரைப் பற்றி அதிகாரி கேட்டார். அந்த கேங்கில் எப்போதும் முதலில் இறங்குகிறவன் அருள்முருகன்தான். அவன் இறங்காமல் யாரும் இறங்க மாட்டார்கள். நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "வெளங்கிருச்சு சார்" என்றான்.

ஏழு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது, அருள்முருகன் டாங்குக்குள்ளேயே உயிரை விட்டிருந்தான். ஷம்சாத் பலகையோடு வந்தபோது மேலே நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்கப்போனவனை அவர்தான் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். எனக்கு ஷம்சாத்திடம் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் கம்பெனி விசாரணையில் அவர் "நான் சொன்னேன்" என்றபோது, "நானும் தமிழில் சொன்னேன்" என்றேன். மிச்சமிருந்த ஏழு பேருக்கும் நினைவு குழம்பியிருந்தது. சார் சொல்லியிருப்பார் என்றுதான் அவர்களே சொன்னார்கள்.

பதினோராம் நாள் அவன் மனைவி பானுப்பிரியா போன் செய்தாள். அழவில்லை. "சார், அவுக தெனமும் உங்க பாடத்தப் பதிஞ்சு எனக்கு அனுப்புவாக. நானும் புள்ளையும் கேட்டுக் கேட்டு எழுதிப் படிப்போம். காலக் கூட்டத்தையும் அனுப்புவாக, இங்கிலீசு ஒரு வரி, தமிழ் ஒரு வரின்னு வருமில்ல, அது எங்களுக்கு லேசா இருக்கும்." நான் நல்லது என்றேன். "அன்னைக்கு அனுப்புனதுல ஒரு இங்கிலீசு வரிக்கு மட்டும் தமிழ் இல்ல சார். நாலாவது. அதுக்கு என்ன அர்த்தம்?"

போனைப் பெட்டியில் போடுவதற்கு முன் அனுப்பியிருக்கிறான்.

"கவனமாக வேலை செய்யுங்கள், ஆண்டவன் துணையிருப்பான் என்று அர்த்தம்மா," என்றேன். "எழுதிக்கிறேன் சார்," என்றாள்.

எழுதிக்கொண்டவள் அத்தோடு விட்டிருக்கலாம். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அருணா என்ற சொந்தக்காரப் பெண்ணுக்கு அதே பதிவை அனுப்பியிருக்கிறாள். அருணாவுக்கு இங்கிலீஷ் புரியும், அந்த வரி புகாராக இங்கே வந்து சேர்ந்தது. அப்படித்தான் நான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நீங்களே சொல்லுங்கள். புருஷன் செத்து பதினோரு நாளில் ஒரு பெண் பாடத்தில் சந்தேகம் கேட்பாளா? யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் கேட்டிருக்கிறாள். அவன் பதிவு செய்தது எனக்கு வினையாகும் என்று நான் ஒரு வருடத்துக்கு முன்பே நினைத்தேன். நினைத்தபடிதானே நடந்தது? என் சந்தேகத்தில் என்ன தப்பு?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அவன் கட்டைவிரலைத் தூக்கினானே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இங்கிலீஷில் ஒரு எழவும் தெரியாது. மேனேஜர் சிரித்தார் என்று அவனும் சிரித்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் யாருக்கும் ஆள் இல்லை. என் மாணவன். தேர்வு முடிந்துவிட்டது, அவன் ஏணியில் ஏற இன்னும் பத்து நிமிஷம் முழுசாகக் கையில் இருந்தது. ஐம்பதடி நடந்து, "ஒரு வரி விட்டுப்போச்சுடே" என்று சொன்னால் போதும். ஆனால் நான் ஒரு வரி விட்டதை ஷம்சாத் குறித்துக்கொண்டு போய் வெங்கட்ராமனிடம் கொடுப்பார். எட்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். ஒன்பது வருடமாக நான் அவர்களுக்கு சார்.

கேபினுக்குள் போனேன். ஜன்னலில் மூன்றாம் நம்பர் டாங்க் தெரியும். அருள்முருகன் ஏணியில் ஏறினான். உச்சிக்குப் போனதும் கையுறையைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். பிறகு கரும்பலகையில் அன்றைய தேதியை எழுதினேன்.

ஏன் தம்பி நிறுத்திவிட்டீர்கள்? அதிகாரி உங்கள் முகத்தையே பார்க்கிறார். சொல்லுங்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அந்த ஜன்னலை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரு வரிதானே.