பேரை மாற்றியாச்சு

— இரு பாப்பா, சிரிப்பு அடங்கட்டும். மலையில மேயுற லாமாவைக் கட்டிப் புடிச்சு அழுதேனா? நானா?

— நீ இல்லை டெலியா. நான் எழுதின கதையில வர்ற பொண்ணு. மலையிலேர்ந்து லிமாவுக்கு வீட்டு வேலைக்கு வர்றா.

— அவளுக்கும் இடது முழங்கால் வலி. என்னை மாதிரியே கிழங்கு உரிக்கிறா. சரி சரி, நான் இல்லை.

— ஆயகுச்சோ மலையில உங்க வீட்டுல லாமா இருந்திருக்கும்னு நெனச்சேன்.

— எங்கப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுல இருந்தது ஒரு டைப்ரைட்டர்.

— நீ சொன்னதே இல்லையே!

— நீ கேட்டதே இல்லையே, ஹிமேனா பாப்பா.

— மூணு மாசமா உன்னைப் பத்திக் குறிப்பு எடுத்தேன். ஒரு நோட்டு நிறைய.

— பாத்தேன். போலீஸ்காரன் மாதிரி கதவோரம் நின்னு எழுதுவ. ஏதோ காதல் கடுதாசின்னு இருந்தேன்.

— சனிக்கிழமை மாலை கதை எழுதுற வகுப்புல வாசிக்கணும். நீ சரின்னு சொன்னாத்தான் வாசிப்பேன்.

— அந்தக் கடைசி வரியை மறுபடி படி.

— "அவள் அவர்களோடு மேசையில் உட்கார்ந்து, பூப்போட்ட கோப்பையில் காப்பி குடித்தாள். அது அவள் வீடும்தான்."

— பூப்போட்டது உங்கம்மா கோப்பை. என்னோடது எங்க இருக்கு, சொல்லு.

— பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ.

— எதுக்குப் பக்கத்துல?

— நாய்த் தட்டுக்கு...

— உன் நோட்டுல அது இருக்கா?

— இருந்துச்சு. அடிச்சிட்டேன். அம்மாவைத் தப்பா நெனப்பாங்கன்னு.

— அம்மாவை மட்டுமா?

— என்னையும். பொறந்ததுலேர்ந்து நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு நாளாவது அதை எடுத்து மேல வச்சேனா? எனக்கே கூசுது டெலியா.

— அழாதே. கிழங்குக்கு உப்பு ஏற்கனவே போட்டாச்சு.

— மாத்தி எழுதறேன். கோப்பையையும் எழுதறேன். யாருக்கும் நீதான்னு தெரியாது. பேரைத்தான் மார்த்தான்னு மாத்தியாச்சே.

— அதுல உங்கம்மா உன்னை முந்திட்டாங்க.

— என்ன சொல்ற?

— வேலைக்கு வந்த முதல் நாளே மாத்திட்டாங்க. மலைப் பேரு, வாயில நுழையலையாம். அப்ப ஓடின டிவி தொடர்ல ஒரு வேலைக்காரி வருவா, டெலியான்னு. அதையே வச்சுட்டாங்க.

— அப்போ... உன் நெஜப் பேரு என்ன?

— முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வை.