பலகைப் பாதையை விட்டு இறங்கியவர்

— உள்ள போங்க, வெர்னன். இன்னும் எத்தன நேரம் இந்த முதலுதவி ரூம் கதவையே பாத்துக்கிட்டு நிப்பீங்க?

— டாக்டர் இருப்பாரு, நோரீன். அப்புறம் போலாம்.

— டாக்டர் போயாச்சு. நம்ம பேத்தி ஹேட்டியும் பார்க் ரேஞ்சரோட ஜீப் பாக்கப் போயிருக்கா. அந்தப் பொண்ண ஹெலிகாப்டர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகப்போறாங்க. அப்புறம் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேப்பீங்க? நான் கேக்குறேன்.

— சரி விடு.

— எத விடுறது? உங்க தொப்பி காத்துல பறந்துச்சு. ‘வேணாங்க, வேணாங்க’ன்னு கத்துனேன். கேட்டீங்களா? பலகைய விட்டு எறங்கி, அந்த வெள்ள மண்ணுல விறுவிறுன்னு நடந்தீங்க.

— கெட்டியாத்தான் தெரிஞ்சுச்சு.

— கெட்டி! மேல முட்டை ஓடு கனம், அடியில கொதிக்கிற தண்ணின்னு போற வழியெல்லாம் எழுதி வெச்சிருக்கான். யாரு பெத்த புள்ளையோ ஓடி வந்து உங்களப் புடிச்சு இழுத்து மேல தள்ளுச்சு. தள்ளுன வேகத்துல அதோட கால் உள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் ரேஞ்சர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

— நோரீன், மெதுவா.

— ‘அந்தப் பொண்ணுதான் எறங்குச்சு, நான் கூப்புட்டேன், கேக்கல’ன்னீங்க. வாய் கூசலையா?

— கேஸுன்னாரு, கோர்ட்டுன்னாரு. அதுக்குக்கூட நான் பயப்படல. எதிர்ல ஹேட்டி நின்னுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறா. ஓடாத, எறங்காத, கம்பியத் தாண்டாதன்னு காலையிலேர்ந்து அவள அதட்டுனவன் நான். வாய் தானா சொல்லிடுச்சு.

— அவ அந்தப் பக்கம் வெந்நீர் ஊத்து மேல பீச்சுறதப் பாத்துக்கிட்டிருந்தா. எல்லாருமே அதைத்தான் பாத்தாங்க. அது உங்களுக்கு வசதியாப் போச்சு.

— யாரு வெளிய? உள்ளதான் வாங்களேன்.

— கூப்புடுது. போங்க. நானும் வர்றேன்.

— ஓ, நீங்களா பெரியவரே! வாங்கம்மா. காலப் பாக்காதீங்க, பாத்தா எனக்கே மயக்கம் வருது.

— ரொம்ப வலிக்குதாம்மா?

— ஊசி போட்டிருக்காங்கம்மா. கால் வேற யாருதோ மாதிரி கெடக்கு. பெரியவரே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?

— எனக்கு என்ன... பூட்ஸுல கொஞ்சம் சேறு. டேனாதானே உன் பேரு? அந்த ரேஞ்சர் உன்கிட்ட வந்தாரா?

— என்ன இங்க கொண்டாந்ததுமே வந்தாரு. யாரு மொதல்ல எறங்குனதுன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— நீங்க சொன்னதத்தான் சொன்னேன். நான்தான் எறங்குனேன்னு.

— ஐயோ, ஏம்மா? கால வேற குடுத்துட்டு, பழியையும் நீ ஏன் சொமக்குற?

— அழாதீங்கம்மா. உண்மையச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உங்க வீட்டுக்காரர் மேல அப்படியொரு ஆத்திரம் எனக்கு. நாலு பேரு முன்னாடி நாறடிச்சிருப்பேன். ஆனா ரேஞ்சர் கையப் புடிச்சுக்கிட்டு உங்க பேத்தியும் வந்திருந்தா.

— ஹேட்டியா? இங்கயா?

— ஆமா பெரியவரே. வந்ததும் என்னத் திட்டுனா. ‘தாத்தா கூப்புட்டாருல்ல, நீங்க ஏன் கேக்கல’ன்னு. அப்புறம் என் பக்கத்துல வந்து, வலிக்காம இருக்கட்டும்னு கால் விரல ஊதி விட்டா. ‘எங்க தாத்தா பொய்யே சொல்லமாட்டாரு, அவரு சொல்றத இனிமே கேளுங்க’ன்னா. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் வேற என்னத்தச் சொல்றது?

— என்னங்க... வெர்னன்? எழுந்து எங்க போறீங்க?

— ரேஞ்சரக் கூட்டிட்டு வர.

— நல்லது. நான் போயி ஹேட்டிய வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். கொழந்த இதையெல்லாம் கேக்க வேணாம்.

— இல்ல நோரீன். அவளையும் கூட்டிட்டு வா. மொதல்ல அவகிட்டதான் சொல்லணும்.