முகம் பார்க்க வந்தவர்கள்

கூட்டம் என்றால் எனக்கு எப்போதுமே பயம், சார். பஸ்ஸில் நாலு பேர் தொங்கினால்கூட அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிற ஆள் நான். நாடகக் குழுவில் இருந்தாலும் என்னை யாரும் மேடையில் பார்த்ததில்லை. திரை ஓரத்தில் ஒளிந்து நின்று, நடிகர்கள் மறந்துபோகிற வரியை மெல்ல எடுத்துக்கொடுப்பது என் வேலை. ஊரே பாட்டுக்காரர் என்று கூப்பிடுகிறவருடைய இசை நாடகங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். ரேடியோவில் ஓடிய அவருடைய பாப் பாட்டுகளும் எனக்கு மனப்பாடம். ரசிகர் மன்றத்துக்குச் செயலாளரும் நானே. அவர் தனியாள் என்பதால் வீட்டுச் சாவி முதல் மாத்திரை டப்பா வரை என் பொறுப்பில் இருந்தது.

அன்று காலை பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். பியானோவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். மூக்கருகே விரல் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. கை ஜில்லென்று இருந்தது. நியாயமாக டாக்டரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் ‘நம் பாட்டுக்காரர் போய்விட்டார்’ என்று போட்டேன். வேறு யாராவது முந்திக்கொண்டால் எனக்கு என்ன மரியாதை? செயலாளர்தானே சொல்ல வேண்டும்.

அவரைத் தூக்கிச் சோபாவில் கிடத்தித் தலை வாரிவிடுவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றாமல் வந்த நர்ஸுகள், லாரி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பெண்கள். அவர் நாடகத்தில் வருகிற சிவப்புத் தொப்பியைப் பலர் போட்டிருந்தார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர் சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். இவர்களில் பாதிப் பேர் வந்திருந்தால் அவருடைய கடைசி நாடகம் ஒரே வாரத்தில் மூட்டை கட்டியிருக்காது. அது வேறு விஷயம்.

அப்போதுதான் சோபாவிலிருந்து குரல் வந்தது. “டேய், கொஞ்சம் தண்ணி குடு.”

எனக்கு உயிரே போய்விட்டது, சார். வெறும் மயக்கம். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வெளிய என்னடா சத்தம்?”

“அழறாங்கண்ணா.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

இருமல் வரும்வரை சிரித்தார். “அடப்பாவி, யாரு கெளப்பி விட்டது?” என் கையிலிருந்த போனைப் பார்த்தார். “சரி விடு. என்னை ஜன்னல்கிட்ட நிறுத்து. ஒரு கை ஆட்டுனா போதும், ஊரே ஆடும்.” அவர் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

அவருக்கென்ன, கை ஆட்டிவிடுவார். என் கதி? முன்பு ஒரு நாடகத்துக்கு டிக்கெட் இருக்கிறது என்று தவறாகச் சொன்ன கவுன்ட்டர்காரரை இதே தொப்பிக்காரர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கவுன்ட்டர்காரர் இன்னும் ஒற்றைக் கையால்தான் சட்டை போடுகிறார்.

கதவு தட்டப்பட்டது. மன்றத் தலைவி, தையல் கடை வைத்திருக்கிற அக்கா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“தம்பி, திறங்க. எல்லாரும் முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம். கீழ இருக்கறவங்களை இதுக்கு மேல சமாளிக்க முடியாது.”

“அவருக்குத் துணி மாத்திட்டிருக்கேங்க்கா. கொஞ்சம் பொறுங்க.”

பாட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. “என்னடா சொல்ற?” என்றார். என் முகத்தைப் பார்த்தார். எழுந்திருக்க முயன்றார், கால் நிற்கவில்லை. “டேய், எனக்குப் பயமா இருக்குடா. கதவைத் திற.” மிகவும் தணிந்த குரலில்தான் சொன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தால் காரியம் நடக்காது.

சோபாத் தலையணையை முதலில் சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான் வைத்தேன். பிறகு எடுக்கத் தோன்றவில்லை. யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் மனசாரச் சிந்திய கண்ணீர். அதைப் பொய்யாக்க நான் யார்?

கீழே அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சரணத்தில் வரி மறந்து எல்லோரும் ஒன்றாக நின்றுவிட்டார்கள். அந்த அமைதியில் தலையணைக்கு அடியிலிருந்து வந்த முனகல் கதவு வரைக்கும் கேட்டுவிடும்போல் இருந்தது. கையை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க வரியை எடுத்துக்கொடுத்தேன். ‘விளக்கை அணைக்காதே, இன்னும் நான் போகவில்லை.’ தெரு அப்படியே பிடித்துக்கொண்டது. அவ்வளவு நன்றாக அந்தப் பாட்டை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

பாட்டு முடியும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்து, மறுபடி தலை வாரிவிட்டுக் கதவைத் திறந்தேன். “தூங்கற மாதிரியே இருக்காருல்ல” என்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மணிக்கட்டில் இருக்கிற இந்த நகக்குறிகளைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை. கடைசிவரைக்கும் அவர் என் கையை விடவே இல்லை, சார். என்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.